ஒரு வில்லை, இரண்டு ஆள்

பிப்ரவரி 9

கட்டெறும்பே,

எட்டு மாதமாக என் போனை எடுக்காமல் உலக சாதனை படைத்துவரும் மருமகளுக்கு, உன் தாய்மாமன், பனிப் பேரரசின் முன்னாள் சக்கரவர்த்தி, இருபத்தாறு வருடம் குளிர்கிடங்கின் கதவுகளைச் சுண்டுவிரலால் ஆண்டவன் எழுதிக்கொள்வது. நான் நலம். நலம் என்றால், இடது கால் மாவுக்கட்டில் இருக்கிறது. மொட்டைமாடியிலிருந்து குதித்து ஒரு திருடனைத் துரத்தியதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். முக்காலியிலிருந்து விழுந்தான் என்று உன் அம்மா சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. முக்காலிதான். ஆனால் அது மலை ஏறுகிறவர்களே யோசிக்கிற முக்காலி.

அக்கா சொன்னாள், நீ முழுநீளப் படம் எடுக்கிறாயாம். ஒரே ஆள், ஒரே அறை. ஒருவன் குளிர்கிடங்குக்குள் மாட்டிக்கொள்கிறான், கதவு திறக்க மாட்டேன் என்கிறது, படம் முழுக்க அவ்வளவுதானாம். "இதுல பாக்க என்னடா இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். பாவம், என் அக்காவுக்கு அறிவு கொடுத்த கடவுள் நம் ரசனையைக் கொடுக்கவில்லை. நான் விளக்கினேன்: "அக்கா, பெரிய படத்துல கதாநாயகன் பின்னாடி ஐந்நூறு குதிரை வரும். நமக்குக் கொட்டாவி வரும். இந்த மாதிரிப் படத்துல அவன் கையில மூணே தீக்குச்சி. முதல் குச்சி அணைஞ்சதும் ஐந்நூறு குதிரையும் செத்த மாதிரி நமக்கு நெஞ்சு அடைக்கும். பாட்டில் அடியில ரெண்டு வாய் தண்ணி இருக்கும். அதை அவன் குடிப்பானா, வச்சிருப்பானான்னு தியேட்டரே மூச்சுப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்." அக்கா கேட்டுவிட்டு, "வீட்ல தண்ணி வரலைன்னா நான் தினம் அந்தப் படத்தைத்தாண்டா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நீ பத்தாவது படிக்கும்போதிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறோம். கிணற்றில் விழுந்தவள் படம், நடுக்கடலில் ஓட்டைப் படகுக்காரன் படம், சுரங்கத்தில் கால் சிக்கியவன் படம். ஒரு லட்சம் படமாவது இருக்கும்.

நிற்க. இது என் கதையல்லவா? மைனஸ் பதினெட்டு டிகிரியில் ஒன்பது மணி நேரம் தன்னந்தனியாக இருந்து, அட்டைப்பெட்டியில் அரண்மனை கட்டி, உறைந்த பட்டாணி மூட்டைமேல் சிம்மாசனம் போட்டு, 'போதும், போரடிக்கிறது' என்று தோன்றியதும் உள்பக்கக் குமிழைச் சுண்டுவிரலால் தட்டிக் கதவைத் திறந்து வந்து "டீ இருக்கா?" என்று கேட்டவன் நான். என் வேடத்தில் மீசையே இல்லாத ஒரு நோஞ்சானைப் போட்டிருக்கிறாயாமே. சரித்திரம் உன்னை மன்னிக்காது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் படத்தின் அசல் கதாநாயகன்,
மாமா


பிப்ரவரி 17

மாமா,

திட்டித்தான் எழுதுகிறேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன், அதனால் எடுப்பதில்லை. நான் இன்னும் சிரிக்கத் தயாராக இல்லை.

என் முதல் குறும்படம். லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவன். மொத்தமே பதினைந்து நிமிடம். நூறு பேருக்கு முன்னால் பன்னிரண்டாவது நிமிடத்தில் நீங்கள் எழுந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனீர்கள். அப்புறம் கேட்டால் "டீ குடிக்கப் போனேன்" என்றீர்கள். யார் எழுந்து போயிருந்தாலும் தாங்கியிருப்பேன். இந்த மாதிரிப் படத்தைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆளே போனால்?

ஆமாம், இது உங்கள் கதைதான். ஆறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம். அட்டைப்பெட்டி, பட்டாணி மூட்டை, குமிழ், எல்லாம் வருகிறது. செட் போடவில்லை. துறைமுகம் பக்கம் ஒரு குளிர்கிடங்கு எடுத்திருக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கிற கிடங்கு, நிஜமான மைனஸ் பதினெட்டு. கடைசிக் காட்சி நாற்பது நிமிடம், வெட்டே கிடையாது. கேமராவை ஓடவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்த் திரையில் பார்ப்போம். கதவுக்கு வெளியே யாரும் இருக்கக் கூடாது என்பது என் விதி. வெளியே ஆள் இருப்பது தெரிந்தால் நடிப்பவர் கண்ணில் அந்தத் தைரியம் தெரியும். பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

நடிக்கிறவர் நாடகத்தில் பத்து வருடம் இருந்தவர். மீசை இல்லை, ஆனால் பயம் இருக்கிறது. வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள், அதனால் கொஞ்சம் தயங்கினார். உங்கள் கதையைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். "உள்ளேருந்து குமிழைத் தள்ளினா கதவு திறந்துரும். எங்க மாமா ஒன்பது மணி நேரம் உள்ள இருந்துட்டு சுண்டுவிரலால திறந்துக்கிட்டு வந்தார். உங்களுக்கு நாப்பது நிமிஷம்தானே" என்றேன். சிரித்தார். மாமாவைப் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு இப்போது அவசரம் இல்லை.

க.


பிப்ரவரி 24

கண்ணு,

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்றிலிருந்து பதினேழு முறை உனக்குப் போன் செய்தேன். இந்தப் பதினேழு உண்மையான பதினேழு.

சில கேள்விகள். சும்மா தெரிந்துகொள்ளத்தான், கிழவனுக்கு வேறு என்ன வேலை.

கதவுச் சட்டத்தைச் சுற்றி ஒரு சூடேற்றும் கம்பி ஓடும். அது வேலை செய்கிறதா? உள்ளங்கையைச் சட்டத்தில் வைத்தால் லேசாக வெதுவெதுப்புத் தெரிய வேண்டும். கதவின் ரப்பர் பட்டையில் ஐஸ் பூத்திருக்கிறதா? குமிழைக் கடைசியாக உள்ளே நின்று, கதவைச் சாத்தி, தள்ளிப் பார்த்தது யார், எப்போது? பதிவேட்டில் 'சரி' என்று எழுதியிருந்தால் அதை நம்பாதே. எழுதியவன் யார் என்று கேள்.

வெளியே யாரும் இருக்கக் கூடாது என்ற விதியை மட்டும் மாற்று. கடப்பாரையோடு ஒருவர் நிற்கட்டும். தாமரை இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி ஓசைப்படாமல் நிற்கச் சொல். வேண்டுமானால் நானே ஆயிரம் யானை பலத்தோடு வந்து

இந்த வரியை முடிக்கத் தோன்றவில்லை. விட்டுவிடு.

அக்காவிடம் சொன்னேன், உனக்கு எடுத்துச் சொல்லும்படி. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? அவளாவது நிம்மதியா வேலை பாக்கட்டும்டா" என்று போனை வைத்துவிட்டாள். இந்தக் காலோடு இரண்டு நாள் ரயிலில் வர டாக்டர் விடமாட்டேன் என்கிறார். செட் போட்டு எடுத்தால் என்ன? பலகைக்கு வெள்ளையடித்தால் ஐஸ் மாதிரிதானே இருக்கும்?

மாமா


மார்ச் 4

மாமா,

இப்போது புரிகிறது. லிப்டு படத்தில் எழுந்து போனீர்கள். இந்தப் படத்தை எடுக்கவே விடாமல் பார்க்கிறீர்கள். உங்கள் கதையை உங்களைவிட யாரும் நன்றாகச் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதானே?

உங்கள் குளியலறையில் சிறுத்தை புகுந்தது என்றீர்கள். அது பக்கத்து வீட்டுப் பூனை. ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்தினேன் என்றீர்கள். சங்கிலியைப் பிடித்து இழுத்ததற்குத் தண்டம் கட்டினது எனக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது உலகத்தில் நாலே பேருக்கு வந்த காய்ச்சல், அதில் மூன்று பேர் அரசர்கள் என்று சொல்லி அம்மாவை அழவைத்தீர்கள். புலி வருது, புலி வருது என்று ஊரைக் கூட்டியவன் கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். கதையில் கடைசியாக யார் அழுதார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

கிடங்கு மேலாளரிடம் கேட்டேன். பதிவேட்டைக் காட்டினார். தினமும் 'சரி' என்று இருக்கிறது. அழகான கையெழுத்து.

19ஆம் தேதி எடுக்கிறோம். அதற்குள் இன்னொரு கடிதம் வேண்டாம்.

க.


மார்ச் 14

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். 19க்கு முன்னால் வந்துவிட வேண்டும். வந்தால் படி.

ஒன்பது மணி நேரம் இல்லை. ஒரு மணி பத்து நிமிடம். சிம்மாசனம் எதுவும் கட்டவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். குமிழ் திறக்கவில்லை. உள்ளே நான் மட்டும் இல்லை.

கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. குளிரறைக்குள் போகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் எத்தனை வில்லையோ உள்ளே அத்தனை பேர். அன்றைக்கு இரண்டு பேர் போனோம். நானும், கூட வேலை பார்த்த ஒருவனும். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம், அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. ஒரு பெட்டியை இடம் மாற்றி வைக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை. என் வில்லையை மாட்டினேன். அவன் வில்லை மேசை இழுப்பறையில் இருந்தது. எடுக்கத் திரும்பினான். "ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு வில்லையா, வாடா" என்றேன். வந்தான். கம்பளிச் சட்டையும் போடவில்லை.

தினமும் காலையில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக் குமிழைத் தள்ளிப் பார்ப்பது என் வேலை. உள்ளே குளிர் என்பதால் வெளியே நின்றபடியே பதிவேட்டில் 'சரி' என்று எழுதுவேன். ஒரு மாதமாக அப்படித்தான். என் கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கும். அந்த ஒரு மாதத்தில் எப்போதோ சூடேற்றும் கம்பி அறுந்திருக்கிறது. கதவுச் சட்டம் முழுக்க ஐஸ் பிடித்திருந்தது. தள்ளினேன். குமிழ் அசைந்தது. கதவு அசையவில்லை.

நான் கத்தினேன், அழுதேன். அவன் பெல்ட்டைக் கழற்றி அதன் இரும்பால் ஐஸைச் சுரண்டினான். பிறகு கையாலேயே சுரண்டினான். எனக்குப் பேச்சுக் குழறத் தொடங்கியதும், "அட்டை எடுத்துட்டு வரேன், சுத்திக்க" என்று சொல்லிப் பின்பக்கம் போனான். எனக்காகத்தான் போனான். அங்கேயே அவன் பெட்டிகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்தபோது வாட்ச்மேன் கடப்பாரையால் கதவைத் திறந்தார். நான் கதவடியிலேயே கிடந்தேன். ஆணியில் ஒரு வில்லை. கதவடியில் ஒரு ஆள். என்னை இழுத்து வெளியே போட்டுவிட்டு, குளிர் வீணாகக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்த்திவிட்டார்கள், டீ கொடுத்தார்கள். என் நாக்கு மரத்துப்போயிருந்தது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையா, நான் அவனை மறந்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருபது நிமிடம் கழித்து வாட்ச்மேன், "இந்தா உன் வில்லை" என்று என் கையில் வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

அவன் பிழைத்தான். வலது கையில் நான்கு விரலை எடுத்தார்கள். அதன்பிறகு கிடங்குக்கு வரவில்லை. நானும் அவனைப் பார்க்கப் போகவில்லை.

உனக்கு ஆறு வயதிருக்கும். "உள்ள யாரு மாமா இருந்தா?" என்று கேட்டாய். "நான் மட்டும்தான்" என்றேன். வாயில் அப்படி வந்துவிட்டது. எல்லாவற்றையும் பெருக்கிச் சொல்கிறவன் என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். ஒன்றே ஒன்றைக் குறைத்துச் சொன்னேன். இரண்டு பேரை ஒருவன் ஆக்கினேன்.

ஒரே ஆள் படங்களுக்கு நான் ஏன் ஓடினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களில் இன்னொருவன் இல்லை. கதவு திறக்கும், ஆள் வருவான், முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் நீ கவனித்திருப்பாய், படம் முடிந்து எழுத்து ஓடும்போதும் நான் எழ மாட்டேன். திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். உன் லிப்டு படத்தில் அவனை வெளியே இழுத்ததும் கதவு மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும். உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். உட்கார முடியவில்லை. வாசலில் நின்று வாந்தி எடுத்தேன். டீ குடிக்கவில்லை.

காலையில் தள்ளிப் பார்த்துக் கதவு திறந்தால் நம்பாதே. சாமான் இறக்க, விளக்கு வைக்க, பத்துத் தடவை திறந்து மூடுவீர்கள். வெளிக்காற்றின் ஈரம் சட்டத்தில் போய் உறையும். அதற்கப்புறம் சாத்தினால்தான் தெரியும்.

அவரை உள்ளே அனுப்பாதே. அவருக்கு மகள் இருக்கிறாள்.


மார்ச் 20

மாமா,

உங்கள் கடிதம் 18ஆம் தேதி மதியம் வந்தது. முதல் வரியைப் படித்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். அதில் பட்டம் இல்லை, யானை இல்லை, சுண்டுவிரல் இல்லை. 'கட்டெறும்பே' கூட இல்லை. என் உடம்பு முதலில் நம்பியது. மனசு ஒரு நாள் கழித்துத்தான் நம்பியது.

நேற்றுக் காலை மேலாளரை அழைத்துக் குமிழைத் தள்ளச் சொன்னேன். கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது. "பாத்தீங்களா மேடம்? தினம் செக் பண்றோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கதவுச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பே இல்லை. அதைச் சொன்னதற்கு, "அது அப்படித்தாங்க இருக்கும்" என்றார்.

அதனால் சாமான், விளக்கு எல்லாம் உள்ளே வைத்து முடித்ததும் நடிகருக்குப் பதில் நான் போனேன். கம்பளிச் சட்டை இரண்டு, கையுறை, கடிகாரம், வாக்கிடாக்கி. நடிகரும் விளக்குக்காரரும் கடப்பாரையோடு வெளியே. எது நடந்தாலும் நாற்பத்தைந்தாவது நிமிடம் கதவைத் திறந்துவிட வேண்டும், நான் வேண்டாம் என்று கத்தினாலும் திறக்க வேண்டும் என்று பேச்சு. அங்கே வில்லை வழக்கம் கிடையாது. பிஸ்கட் டப்பா மூடி இரண்டை வாங்கி, ஒன்று, இரண்டு என்று எழுதி, கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டினேன்.

கதவைச் சாத்தியதும் முதல் ஐந்து நிமிடம், வெட்கமாக இருக்கிறது, ரசித்தேன். ஒற்றை விளக்கு, பெட்டிகள், மூச்சுப் புகை. என் படம் கண்முன் ஓடியது. நாமிருவரும் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. பத்தாவது நிமிடம் வாக்கிடாக்கி இரைந்துவிட்டுச் செத்தது. அப்போதும் பயமில்லை. நாற்பதாவது நிமிடம் குமிழைத் தள்ளினேன். குமிழ் அசைந்தது.

நீங்கள் எழுதிய அடுத்த வரி எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தோளால் முட்டினேன். காலால் உதைத்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது. ஐந்து நிமிடத்தில் திறப்பார்கள் என்று தெரியும் மாமா. கணக்காகத் தெரியும். இருந்தாலும் எனக்கு அம்மா பெயர் மறந்துபோனது. தியேட்டரில் பயம் இனிப்பாக இருக்கும், அடுத்த வாரமும் போகத் தோன்றும். இங்கே வாயில் இரும்பு ருசி மட்டும்தான் இருந்தது. நாற்பத்தைந்து வந்தது. வெளியே கடப்பாரைச் சத்தம் கேட்டது. கதவு வரவில்லை. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. ஐம்பத்தொன்றில்தான் வந்தது. அந்த ஆறு நிமிடத்தில் நான் என்னென்ன சொல்லிக் கத்தினேன் என்று விளக்குக்காரர் யாரிடமும் சொல்ல மாட்டாராம்.

வெளியே யாரும் இல்லாமல், நான் போட்ட விதிப்படி, நாங்கள் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தால்? நடிகர் தட்டுவதை நாங்கள் திரையில் பார்த்து, 'ஐயோ, என்ன நடிப்பு' என்று கைதட்டியிருப்போம்.

இனிச் சொல்வதுதான் உங்களுக்கு. இரண்டாவது மூடி யாருக்கு என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. என்னை இழுத்து வெளியே விட்டதும் நடிகர் ஆணியைப் பார்த்தார். "இன்னொரு மூடி இருக்கே, இன்னொருத்தர் யாரு?" என்றார். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது, பேச வரவில்லை. நிஜமாகவே வரவில்லை மாமா. நாக்கு மரத்துத்தான் போகிறது. என்னிடமிருந்து பதில் வராததும் அவரே உள்ளே ஓடினார். விளக்குக்காரர் கதவைச் சாத்தவிடாமல் முதுகைக் கொடுத்து நின்றார். ஒவ்வொரு பெட்டி வரிசைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூலை மூலையா பாத்துட்டேங்க. யாரும் இல்ல" என்று சத்தமாகச் சொன்னார்.

அதற்கப்புறம்தான் இரண்டு மூடியையும் ஆணியிலிருந்து எடுத்தேன்.

உள்ளே யாரும் இல்லை மாமா. நானும் எட்டிப் பார்த்துவிட்டேன்.

கிடங்கை விட்டுவிட்டோம். பலகைக்கு வெள்ளையடித்துத்தான் எடுக்கப் போகிறேன். ஒரே ஆள் படம் என்று இனிச் சொல்ல முடியாது. அவர் எங்கே இருக்கிறார், ஒட்டடைக்குச்சி மாமா? போனில் சொல்வதானாலும் எடுக்கிறேன்.

கட்டெறும்பு


ஏப்ரல் 27

கட்டெறும்பே,

போன் செய்தால் என் குரல் நடுங்குவது உனக்குத் தெரிந்துவிடும். கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் நடுங்கும், அதற்கு மாவுக்கட்டைக் காரணம் சொல்லலாம். மாவுக்கட்டு காலில்தானே என்று கேட்காதே.

உன் கடிதத்தை நூறு தடவை படித்தேன். சரி, நாலு தடவை. 'யாரும் இல்லை' என்ற இடத்தில் நாலு தடவையும் நிறுத்த வேண்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே ஒருவன் இருக்கிறானே. இருபத்தொரு வருடமாக இருக்கிறான். பழைய வாட்ச்மேனைத் தேடிப்பிடித்து விலாசம் வாங்கினேன். அதே ஊர், ஆறே கிலோமீட்டர். ஏழு கடல் தாண்டி என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் டவுன் பஸ் போகிறது.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். ஐந்தாவது மாடி. லிப்டு இருந்தது. அதன் கதவு திறந்து என்னை மரியாதையாகக் கூப்பிட்டது. வேண்டாம் என்று ஊன்றுகோலோடு படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. மைனஸ் பதினெட்டில்கூட இப்படி நடுங்கியதில்லை, இதில் துளி மிகை இல்லை. வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது. நீளமான செருப்பு. அவனுடையதாகத்தான் இருக்கும்.

அவன் அடித்தால் வாங்கிக்கொள்வேன். யாரென்று தெரியவில்லை என்று சொன்னால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

முதலில் உனக்கு எழுதிவிட்டு அப்புறம் தட்டலாம் என்று நினைத்தேன். என்னை எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டே ஐந்து மாடியும் இறங்கிவிடுவேன். அதனால் தட்டிவிட்டுத்தான் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பழைய பித்தளை வில்லை என்னிடமே இருந்தது. அதைக் கதவின் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

உள்ளே யாரோ நடந்து வருகிறார்கள். தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. ஒற்றைக் கையால் திறப்பதால் கொஞ்சம் நேரம் ஆகிறது.

மாமா